கள ஆவணங்களைக் கோத்துப் படிப்பது எப்படி: பாரசீக, இஸ்லாமியக் கட்டடக்கலைக் காப்பகங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஈரானின் பெர்செபோலிஸ், பசார்கடே, இஸ்ஃபஹான், ஈராக்கின் சாமர்ரா போன்ற இடங்களில் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வேலை செய்த தொல்லியலாளர்கள் அச்சில் வெளியிட்டது, அவர்கள் பதிவுசெய்ததில் ஒரு பகுதிதான். மற்றவை நாட்குறிப்பு, வரைவு நோட்டு, கண்ணாடி நெகட்டிவ், கல்வெட்டின் மேல் நனைத்த தாளை அழுத்தி எடுத்த தாள் படி, அளவு வரைபடம் என்று காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவற்றை இன்று வீட்டிலிருந்தே கணினியில் பார்க்கலாம்.

புதிதாக வருபவர்கள் படங்களில் தொடங்கி, படங்களிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். நல்ல படங்களை நூற்றுக்கணக்கில் இறக்கிவைத்த பிறகு, எது எந்தச் சுவர், எந்த ஆண்டு, எந்தத் திசை என்று சொல்ல முடியாமல் நிற்கிறார்கள். களத்தில் எடுத்த ஒரு படம் தனியாக நின்றால் சான்றாகாது. அதே நாளின் குறிப்பு, அதே சுவரின் அளவு, அதே கல்வெட்டின் படி ஆகியவற்றோடு இணைந்தால்தான் சான்றாகும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இந்தக் காரணத்தால் அமைந்தது.

முதன்மை எடுத்துக்காட்டாக ஜெர்மன் தொல்லியலாளர் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்டின் (1879–1948) ஆவணங்களை எடுத்துக்கொள்கிறோம். சாமர்ரா (1911–13), பசார்கடே (1928), பெர்செபோலிஸ் (1931–34) ஆகிய அகழாய்வுகளின் பதிவுகள் அவற்றில் உள்ளன. வாஷிங்டனிலுள்ள ஃப்ரீர் கலைக்கூடத்துக்கு 1946இல் அவரே கொடுத்தவை இவை. அந்தக் கலைக்கூடம் இப்போது ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகத்தின் பகுதி.

1. கேள்வியை ஒரு கட்டடத்தின் ஒரு பகுதிக்குச் சுருக்குங்கள்

"பெர்செபோலிஸ்" என்று தேடினால் முடிவே இருக்காது. "பெர்செபோலிஸின் அபதானா அரச மண்டபத்தின் கிழக்குப் படிக்கட்டு, அகழ்ந்து எடுக்கப்பட்டபோது இருந்த நிலை" என்று எழுதிக்கொண்டு தொடங்குங்கள். அதில் இடம், உறுப்பு, காலம் மூன்றும் இருக்கின்றன. எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் அது தேவையா இல்லையா என்று உடனே முடிவெடுக்க அது உதவும்.

முடிந்தால் அதே பகுதியைப் பற்றி அச்சில் வந்துள்ள விவரணையை முதலில் படித்துவிடுங்கள். அச்சு நூலில் இருப்பதையே காப்பகத்தில் மறுபடி கண்டுபிடிப்பதுதான் அதிகமாக நேரத்தைத் தின்னும் வேலை.

2. தொடங்கும் முன் தேவையானவை

மொழியைப் பற்றி நேர்மையாக யோசியுங்கள். ஹெர்ஸ்ஃபெல்டின் குறிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன். அரபுக் கல்வெட்டியலாளர் மாக்ஸ் வான் பெர்கெம், ஈரானில் பணியாற்றிய தொல்லியலாளர் ஆந்த்ரே கோதார் போன்றோர் எழுதியது பிரெஞ்சு. இரண்டும் தெரியாது என்றால், ஆங்கிலத்தில் எழுதியவர்களிடம் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆங்கிலேயப் பயணியும் தொல்லியலாளருமான கெர்ட்ரூட் பெல்லின் நாட்குறிப்புகள், கடிதங்கள், ஒளிப்படங்கள் அதற்கு மிகப் பொருத்தமானவை. ஒரே நாளுக்குக் கடிதம், நாட்குறிப்பு, படம் மூன்றும் கிடைக்கும் இடங்கள் அதில் நிறைய உண்டு. ஆவணங்களை ஒன்றோடொன்று கோக்கும் பழக்கம் அங்கே எளிதில் வரும்.

அடுத்து ஓர் எக்செல் தாள். இந்தப் பத்திகள் போதும்: காப்பக எண், அகழாய்வாளர் தாமே இட்ட எண், ஆவண வகை, மொழி, ஆவணத்தில் உள்ளபடி தேதி, மாற்றிய தேதி, ஆவணத்தில் உள்ளபடி இடப்பெயர், இன்றைய இடப்பெயர், எந்தத் திசையை நோக்கி, எதனோடு தொடர்பு, எவ்வளவு உறுதி. "ஆவணத்தில் உள்ளபடி" என்ற பத்திகளில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். உங்கள் கணிப்பு தவறு என்று பிறகு தெரியவந்தால், திரும்பிப் போக வேறு வழி இருக்காது.

காப்பகத்துக்கு நேரில் போவதாக இருந்தால் முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ள வேண்டும். வேண்டிய பெட்டி எண்களையும் அனுப்பிவைக்க வேண்டும். பேனாவுக்கு அனுமதி இராது, பென்சில்தான். தாள்களைக் கழுவி உலர்ந்த வெறுங்கையால் தொடலாம். நெகட்டிவுக்கும் ஒளிப்படத்துக்கும் நைட்ரைல் கையுறை வேண்டும். பருத்திக் கையுறை வழுக்கும், கண்ணாடித் தகட்டுக்கு அது ஆபத்து. ஃபிளாஷ் கூடாது. ஒவ்வொரு படத்திலும் ஒரு சென்டிமீட்டர் அளவுப் பட்டையை வைத்து எடுங்கள். பிறகு அளவு தேவைப்படும்போது அது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

3. ஆவணங்கள் எங்கெங்கே பிரிந்துள்ளன என்று முதலில் கணக்கெடுங்கள்

ஒரே அகழாய்வின் பதிவுகள் ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்புவது முதல் தவறு. ஹெர்ஸ்ஃபெல்டின் ஏடுகளில் ஒரு பகுதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெர்செபோலிஸ் அகழாய்வை நடத்தியது சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஓரியண்டல் இன்ஸ்டிட்யூட். அதனால் குழுவின் அதிகாரப்பூர்வ ஒளிப்படங்கள் அங்கே இருக்கின்றன. அந்நிறுவனத்தின் பெயர் 2023இல் 'இன்ஸ்டிட்யூட் ஃபார் த ஸ்டடி ஆஃப் ஏன்ஷியன்ட் கல்ச்சர்ஸ்' என்று மாறிவிட்டது, எனவே பழைய பெயரிலும் புதுப் பெயரிலும் தேட வேண்டும். சாமர்ராவின் பொருட்களும் பதிவுகளும் பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கைக்குப் போன சாமர்ராப் பொருட்கள் லண்டனுக்குச் சென்று, அங்கிருந்து வேறு அருங்காட்சியகங்களுக்கும் பகிரப்பட்டன.

எகிப்து, சிரியா பக்கம் உள்ள தொடக்க கால இஸ்லாமியக் கட்டடம் என்றால் கட்டடக்கலை வரலாற்றாளர் கிரெஸ்வெல்லின் ஒளிப்படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகம் எனப் பல இடங்களில் உள்ளன. இஸ்ஃபஹான் ஜும்மா மசூதி என்றால் அமெரிக்கக் கட்டடக்கலை ஆய்வாளர் மைரன் பெமென்ட் ஸ்மித்தின் சேகரிப்பை விடக் கூடாது. அதுவும் வாஷிங்டனில், ஹெர்ஸ்ஃபெல்ட் ஏடுகள் இருக்கும் அதே காப்பகத்தில்தான் இருக்கிறது.

ஒரே நெகட்டிவின் அச்சுப்படிகள் இரண்டு மூன்று காப்பகங்களில் வெவ்வேறு எண்ணோடு இருக்கும். அவற்றை மூன்று சான்றுகளாக எண்ணிவிடாதீர்கள். நிழல் விழுந்த கோணமும் முன்னால் நிற்கும் ஆட்களின் நிலையும் ஒன்றாக இருந்தால் அது ஒரே படம்தான்.

4. இடப்பெயர்களின் பட்டியலைத் தயாரியுங்கள்

இதைச் செய்யாமல் தேடினால் பாதி ஆவணங்கள் கண்ணில் படாது. பெர்செபோலிஸ், தக்த்-ஏ ஜம்ஷீத் என்றும் எழுதப்பட்டிருக்கும். பசார்கடே பல ஏடுகளில் முர்காப் என்றோ மஷ்ஹத்-ஏ முர்காப் என்றோ வரும். அங்குள்ள சைரஸின் கல்லறைக்கு ஊர் வழக்கில் 'சுலைமானின் தாயார் கல்லறை' என்று பெயர். பழைய படங்களின் கீழ் அந்தப் பெயர்தான் அதிகம். ஈராக்கிலுள்ள டெசிஃபோனைத் தாக்-ஏ கிஸ்ரா (அங்குள்ள அரண்மனையின் பெயர்), மதாயின், சல்மான் பாக் ஆகிய மூன்றிலும் தேடுங்கள்.

மிகவும் தடுக்கி விழச் செய்வது குர்கான். இடைக்கால நூல்கள் சொல்லும் குர்கான் நகரம் இன்றைய கும்பத்-ஏ காபூஸ் ஊரை ஒட்டிய இடம். இன்றைய குர்கான் நகரமோ பழைய அஸ்தராபாத். 1930க்கு முந்தைய பயணக் குறிப்பில் 'குர்கான்' என்று கண்டால் இன்றைய நகரத்தின் மீது குறியிட்டுவிடாதீர்கள். கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் ஒரே பெயர் வேறு எழுத்துகளில் தொடங்கும். ஒலிப்பை வைத்து மூன்று எழுத்துமுறைகளிலும் தேடுசொல்லை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

5. விவரப்பட்டியலை முழுவதும் படியுங்கள்

ஒவ்வொரு சேகரிப்புக்கும் காப்பகம் ஒரு விவரப்பட்டியல் வைத்திருக்கும். எந்த வரிசையில் அடுக்கினார்கள், யார் எண் கொடுத்தார்கள், எது விடுபட்டுள்ளது என்பதெல்லாம் அதன் முன்பகுதியில் இருக்கும். தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டு நேராகப் படத்துக்குப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போகிறார்கள். பிறகு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

ஹெர்ஸ்ஃபெல்ட் ஏடுகளை ஜோசப் அப்டன் வகைப்படுத்திப் பட்டியலிட்டார். இன்றைய காப்பக எண் 'எஃப்எஸ்ஏ ஏ.06' என்று தொடங்கும். அதன் பின் வரும் எண் தொகுதியைக் குறிக்கும்: 04 ஒளிப்படம், 05 வரைபடம், 06 தாள் படி. ஒளிப்படத் தொகுதிக்குள் 'ஜிஎன்' என்று இருந்தால் கண்ணாடி நெகட்டிவ். 'பிஎஃப்' என்றால் ஒளிப்படக் கோப்பில் ஒட்டிய அச்சுப்படி.

காப்பக எண் என்பது அடுக்கிய வரிசை மட்டுமே. 3300ஆம் நெகட்டிவுக்கு அடுத்தது 3301 என்பதால், அவை அடுத்தடுத்து எடுக்கப்பட்டவை என்று கொள்ள முடியாது. எடுத்த வரிசை தெரிய வேண்டுமானால் தகட்டின் ஓரத்திலோ உறையிலோ அகழாய்வாளர் எழுதிய எண்ணைப் பாருங்கள். அதனால்தான் எக்செல் தாளில் இரண்டு எண்களுக்கும் தனித்தனிப் பத்தி.

6. நாட்குறிப்பில் தொடங்கி மை வரைபடத்தில் முடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், இதைப் பின்பற்றுங்கள். படிக்க வேண்டிய வரிசை: நாட்குறிப்பு, குறிப்பேடு, பென்சில் வரைவு, நெகட்டிவ், தாள் படி, மை இட்ட வரைபடம், கடைசியில் அச்சு நூல்.

காரணம் எளிது. நாட்குறிப்பு 'எங்கே, எப்போது' என்ற சட்டகத்தைக் கொடுக்கிறது. சுவர் முன்னால் நின்று, அளவு நாடாவைப் பிடித்தபடி எழுதியது பென்சில் வரைவு. மை வரைபடம் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, மேசையில் அமர்ந்து தீட்டப்பட்டது. அதற்குள் வரைந்தவரின் முடிவுகளும் ஊகங்களும் சேர்ந்துவிட்டன. மை வரைபடத்தை முதலில் பார்த்தவர்களின் கண், அதற்குப் பின் பென்சில் வரைவில் இல்லாத கோட்டையும் பார்க்கத் தொடங்கிவிடும்.

நாட்குறிப்பில் உங்களுக்குத் தேவையான நாட்களை மட்டும் படிக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்துப் படியுங்கள். மழை, வேலையாட்கள் வராத நாள், தகடு தீர்ந்துபோனது, விருந்தினர் வருகை என்று எழுதியிருப்பார்கள். ஒரு சுவருக்கு ஏன் படமே இல்லை என்பதற்கு விடை பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு வரியில்தான் கிடைக்கும்.

7. தேதிகளை மாற்றும்போது நாட்காட்டியைக் கண்டறியுங்கள்

ஒரே பெட்டியில் நான்கு நாட்காட்டிகள் இருக்கலாம். ஆண்டைப் பார்த்தவுடன் மாற்றாதீர்கள்; யார் எழுதியது, யாருக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

கட்டடக் கல்வெட்டுகளில் இருப்பது சந்திர ஹிஜ்ரி. தோராயமாக, ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். இஸ்ஃபஹான் ஜும்மா மசூதியின் வடக்குக் குவிமாடத்தில் உள்ள 481, இப்படி 1088–89 ஆகிறது. சந்திர ஆண்டு இரண்டு ஆங்கில ஆண்டுகளில் விழுவதால், மாதம் தெரியாதவரை இரண்டையும் எழுதுங்கள்.

ஈரான் அரசு ஆவணங்களில் 1925 முதல் சூரிய ஹிஜ்ரி. அங்கே 621ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி 1 முதல் மார்ச்சில் அவர்களின் புத்தாண்டு வரை உள்ள நாட்களுக்கு 622. அகழாய்வு அனுமதிக் கடிதத்தில் 1310 என்று இருந்தால் அது 1931–32. அதையே சந்திர ஆண்டாகக் கொண்டால் 1892–93க்குப் போய்விடுவீர்கள். 2535 போன்ற எண் தென்பட்டால், அது 1976–78க்கு இடையில் ஈரானில் வழங்கிய அரச ஆண்டு.

சாமர்ரா தோண்டப்பட்டபோது உஸ்மானியப் பேரரசில் இருந்தது. அந்த அரசின் அலுவல் கடிதங்களில் ரூமி ஆண்டு, அதாவது மார்ச்சில் தொடங்கும் உஸ்மானிய அரசின் சூரிய ஆண்டு, வரும். அதற்கு 584ஐக் கூட்டுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1329 என்பது ஹிஜ்ரி ஆண்டானால் 1911, அதாவது அகழாய்வின் தொடக்கம். ரூமி ஆண்டானால் 1913 மார்ச்சில் தொடங்கும் ஆண்டு, அகழாய்வின் முடிவு. ஒரே எண் வேலையின் இரண்டு முனைகளையும் குறிக்கும். மாதப் பெயரைப் பாருங்கள்: முஹர்ரம், ரஜப் என்றால் ஹிஜ்ரி; மார்ட், நீசான் என்றால் ரூமி.

கும்பத்-ஏ காபூஸ் கோபுரத்தின் கல்வெட்டு சந்திர ஆண்டு 397ஐயும் சூரிய ஆண்டு 375ஐயும் சேர்த்தே சொல்கிறது. அந்தச் சூரிய ஆண்டு சூரிய ஹிஜ்ரி அல்ல, பழைய பாரசீக யஸ்தகர்த் ஆண்டு; அதற்கு 631ஐக் கூட்ட வேண்டும். இரண்டும் 1006–07இல் வந்து சேரும். மாற்றும் முறையைப் பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஆங்கிலத் தேதியிலும் கவனம் வேண்டும். ஹெர்ஸ்ஃபெல்ட் நாளை முதலில் எழுதுவார். சிகாகோ அலுவலகத் தாள்கள் மாதத்தை முதலில் எழுதும். 4/7/33 என்பது யார் கையில் எழுதப்பட்டது என்று தெரியாமல் ஜூலையா ஏப்ரலா என்று சொல்ல முடியாது.

8. கையெழுத்தும் சுருக்கங்களும்

திசை எழுத்துகளில் தொடங்குங்கள். ஜெர்மன் ஏட்டில் வட்டமான 'ஓ' எழுத்து கிழக்கு. பிரெஞ்சு ஏட்டில் அதே 'ஓ' மேற்கு. பெர்கெமின் பிரெஞ்சுக் குறிப்பையும் ஹெர்ஸ்ஃபெல்டின் ஜெர்மன் குறிப்பையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, பழகாதவர்கள் முழு முகப்பையே எதிர்ப்பக்கம் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு ஏட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தவுடனேயே எக்செல் தாளில் மொழியைக் குறித்துவிடுங்கள்.

எண்களில், ஜெர்மன் கையெழுத்தின் 1க்கு மேல்நோக்கிய நீண்ட கொக்கி இருக்கும். பழகாத கண்ணுக்கு அது 7. உண்மையான 7க்கு நடுவில் பெரும்பாலும் குறுக்குக்கோடு இருக்கும். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி: 3,45 என்றால் மூன்று மீட்டர் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். ஜெர்மனில் 'அரை எட்டு' என்றால் ஏழரை மணி. நிழலை வைத்துப் படத்தின் திசையைக் கணிக்கும்போது இந்த ஒரு மணி நேரம் பெரிய பிழையைத் தரும்.

டிரான்ஸ்கிரிபஸ் போன்ற கையெழுத்து வாசிப்பு மென்பொருள்கள் தொடர்ச்சியான பத்திகளுக்கு உதவும். வரைவின் மேல் சாய்த்தும் செங்குத்தாகவும் எழுதிய அளவுகளை அவற்றிடம் ஒப்படைக்காதீர்கள். அளவுகளை இரண்டு பேர் தனித்தனியே வாசித்து ஒப்பிடுவதுதான் பாதுகாப்பு. தனியாக வேலை செய்தால், சில நாள் கழித்து முதல் வாசிப்பைப் பார்க்காமல் மறுபடி வாசியுங்கள். பிறகு பகுதி அளவுகளைக் கூட்டி மொத்த அளவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். தவறாக வாசித்த 1 அல்லது 7 அந்தக் கூட்டலில் வெளியே வந்துவிடும்.

9. நெகட்டிவில் இடவலம் மாறியுள்ளதா என்று சோதியுங்கள்

கண்ணாடித் தகட்டின் பசைப் பக்கத்தை மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருந்தால், படம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருக்கும். பாழடைந்த சுவரில் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. உறுதியான ஓர் அடையாளம் வேண்டும்.

சாமர்ராவின் மல்வியா என்ற சுருள் வடிவ மினார் கோபுரம் நல்ல அடையாளம். அதன் சாய்தளம், மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி ஏறுகிறது. ஆகவே எந்தப் பக்கம் நின்று எடுத்த படமானாலும், நம்மை நோக்கிய பக்கத்தில் சாய்தளம் இடமிருந்து வலமாக உயர வேண்டும். வலமிருந்து இடமாக உயர்ந்தால் படம் திரும்பியிருக்கிறது. ஆப்பெழுத்துக் கல்வெட்டு தெரிந்தால், கிடைமட்ட ஆப்பின் அகன்ற தலை இடப்பக்கம் இருக்க வேண்டும். அரபு எழுத்தென்றால் 'அல்லாஹ்' என்ற சொல்லைத் தேடுங்கள். நேராக நிற்கும் முதல் எழுத்தான அலிஃப் வலக்கோடியில் இருக்கும்.

பெர்செபோலிஸ் அபதானாவில் இது இன்னும் சிக்கலானது. அதன் வடக்கு, கிழக்குப் படிக்கட்டுகளின் புடைப்புச் சிற்பங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாகச் செதுக்கப்பட்டவை. கிழக்குப் பக்கத்தின் நெகட்டிவைத் திருப்பி ஸ்கேன் செய்தால் அது வடக்குப் பக்கம் போலவே தெரியும்! இங்கே சிதைவுதான் கைகொடுக்கும். வடக்குப் படிக்கட்டு பல நூற்றாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றது. கிழக்குப் படிக்கட்டு மண்ணுக்குள் இருந்து 1932இல்தான் வெளிவந்தது. அதன் முகங்களும் முடிச்சுருள்களும் கூர்மையாக இருக்கும். கல்லின் உடைந்த விளிம்புகளை அச்சில் வந்த படத்தோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

இதே தகவல் காலத்தைக் கணிக்கவும் உதவும். 1932க்கு முந்தைய எந்தப் படத்திலும் கிழக்குப் படிக்கட்டு இருக்க முடியாது. தாக்-ஏ கிஸ்ராவின் வடக்குச் சிறகு 1888இல் விழுந்தது. இரண்டு சிறகுகளும் நிற்கும் படம் அதற்கு முந்தையது. உங்கள் கட்டடத்துக்கும் இப்படி விழுந்தது, தோண்டியது, பழுதுபார்த்தது என்று ஒரு காலவரிசை தயாரியுங்கள். தேதியில்லாத படங்களை அதில் ஏற்றினால் பெரும்பாலானவை பத்தாண்டு இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

10. தாள் படிகளைப் படிப்பது

தடித்த தாளை நனைத்து, கல்வெட்டின் மேல் வைத்து, தூரிகையால் அடித்துக் குழிகளுக்குள் இறக்கி, காய்ந்தபின் எடுப்பது இந்த முறை. தமிழ்நாட்டுக் கல்வெட்டியலாளர்கள் பழகிய மைப்படியிலும் தாளை நனைத்து அடிப்பார்கள். ஆனால் அங்கே மை ஒற்றுவதால் எழுத்து வெள்ளையாகவும் கல்லின் பரப்பு கறுப்பாகவும் தெரியும். இங்கே மை இல்லை. தாளின் மேடுபள்ளம் மட்டும்தான் எழுத்து. அதனால் நேர் வெளிச்சத்தில் வெறும் தாளாகத்தான் தெரியும்.

வெட்டெழுத்தாக இருந்தால், கல்லைத் தொட்ட பக்கத்தில் எழுத்து புடைத்தும் திரும்பியும் இருக்கும். வெளிப்பக்கத்தில் குழிந்து, நேராக வாசிக்கும்படி இருக்கும். சுதைப் பட்டையில் வரும் புடைப்புக் கூஃபி (கோண வடிவ அரபு) எழுத்தானால் மேடும் பள்ளமும் இதற்கு எதிர். எந்தப் பக்கத்தைப் படமெடுத்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைத் தாளின் தளத்திலிருந்து 15–30 பாகைக் கோணத்தில் சாய்வாக விடுங்கள். ஒரே திசையிலிருந்து மட்டும் விட்டால், அந்தத் திசைக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்துவிடும். குறைந்தது இரண்டு திசை. இயன்றால் நான்கு பக்கங்களிலிருந்தும் தனித்தனிப் படங்கள். காப்பகத்தின் படத்தை மட்டும் நம்பி 'இங்கே எழுத்து இல்லை' என்று எழுதாதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

நீண்ட கல்வெட்டுக்குப் பல தாள்கள் தேவைப்பட்டிருக்கும். ஈராக்கின் வடகிழக்கில் பைக்குலியில் உள்ள, பழைய பாரசீகச் சாசானிய மன்னர் நர்சேயின் கல்வெட்டு சிதறிய கற்களில் இருக்கிறது. அங்கே ஒரு தாள் என்பது ஒரு கல். ஒரு வரி பல கற்களைத் தாண்டி ஓடும். கற்களின் வரிசை ஆய்வாளரின் முடிவே தவிர, கண்டெடுத்த நிலை அல்ல. தாளின் எண்ணையும் வரியின் எண்ணையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

11. வரைபடங்கள்: அளந்த கோடும் ஊகித்த கோடும்

வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டு மூன்று நிறங்களால் கோடிடுங்கள். பென்சில் வரைவில் அளவோடு இருப்பது ஒரு நிறம். படத்தில் தெரிகிறது, அளவு இல்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் இல்லாமல் மை வரைபடத்தில் மட்டும் இருப்பது மூன்றாவது. சமச்சீரான அரண்மனைத் தளங்களில் மூன்றாவது நிறம் வியப்பூட்டும் அளவுக்கு வரும். ஒரு பாதியைத் தோண்டி, மறுபாதியைச் சமச்சீர் என்று கருதி வரைவது அக்கால வழக்கம். அது ஏமாற்று வேலை ஆகாது. பல வரைபடங்களில் ஊகித்த சுவரை வெற்றுக்கோடாகவும் கண்ட சுவரை நிரப்பியும் காட்டியிருப்பார்கள். சிறிதாக்கிய அச்சில் அந்த வேறுபாடு அழிந்துபோகிறது.

அளவு விகிதத்தில் ஒரு விதி: எழுதியுள்ள 1:100ஐ நம்பாதீர்கள், வரைந்துள்ள அளவுப் பட்டையை நம்புங்கள். ஸ்கேனும் அச்சும் தாளின் அளவை மாற்றிவிடும். பட்டை படத்தோடு சேர்ந்தே மாறும். பட்டை இல்லை என்றால், தெரிந்த ஒரு நீளத்தைப் பிடியுங்கள். சாமர்ராப் பெரிய மசூதியின் சுற்றுச்சுவர் ஏறத்தாழ 240 × 156 மீட்டர். பெர்செபோலிஸ் மேடை ஏறத்தாழ 450 × 300 மீட்டர். நீளம், அகலம் இரண்டையும் சோதியுங்கள். ஒன்று பொருந்தி மற்றது பொருந்தவில்லை என்றால் தாள் சுருங்கியிருக்கிறது அல்லது ஸ்கேன் ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறது.

வடக்கு அம்பு காந்த வடக்கா, புவியியல் வடக்கா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் அதை வைத்துத் திசை வாதம் எதுவும் செய்யாதீர்கள். கிப்லா (தொழுகைக்கான மக்கா) திசை பற்றிய பல தவறான முடிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

12. இன்றைய நிலத்தோடு பொருத்துதல்

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பழைய தளவரைபடத்தை ஏற்றி, இன்றும் நிற்கும் மூலைகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எடுங்கள். நான்கு புள்ளிகளில் வேலை நடக்கும். ஆறு முதல் எட்டு வரை வைத்தால்தான் பிழை தெரியும். எல்லாப் புள்ளிகளையும் ஒரே மூலையில் குவிக்காமல் நாலா பக்கமும் பரப்புங்கள். ஒரு புள்ளியின் பிழை மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தால் அதை நீக்கும் முன் யோசியுங்கள். அந்த மூலை பிற்காலத்தில் புதுப்பித்துக் கட்டப்பட்டதாக இருக்கலாம்.

இன்றைய செயற்கைக்கோள் படத்தில் சுவர்கள் புதையுண்டோ, வயலாகவோ, வீடாகவோ மாறியிருந்தால், 1960களின் 'கொரோனா' என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் படங்களை இடையில் வையுங்கள். இவை 1995இல் பொதுவில் திறக்கப்பட்டவை. சாமர்ராவின் நீண்ட வீதிகளும் மண்சுவர்களும் அவற்றில் இன்றையதைவிடத் தெளிவாகத் தெரியும். பெர்செபோலிஸுக்கு, ஹெர்ஸ்ஃபெல்டுக்குப் பின் அங்கே அகழாய்வு நடத்திய எரிக் ஷ்மிட் 1935–37இல் எடுத்த வான்படங்கள் இதே வேலையைச் செய்யும்.

13. மேற்கோள் எண்ணும் திருத்தமும்

ஒவ்வொரு படத்துக்கும் காப்பகத்தின் பெயர், சேகரிப்பின் பெயர், முழு எண் மூன்றையும் எழுதுங்கள். இணைய முகவரி மட்டும் போதாது. முகவரிகள் மாறும், எண்கள் மாறுவது அரிது. கோப்பின் பெயரிலும் அதே எண்ணையே வையுங்கள். 'அபதானா_நல்லது_2' என்று சேமித்த படத்துக்கு அடுத்த ஆண்டு எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

வெளியிடும் முன் ஒவ்வோர் ஆவணத்தின் பயன்பாட்டு நிபந்தனையையும் தனியே பாருங்கள். ஒரே அருங்காட்சியகத்தில் சில படங்கள் எவ்விதக் கட்டுப்பாடும் இல்லாமல் திறந்திருக்கும். பக்கத்துத் தொகுதிக்கு எழுத்தில் அனுமதி வேண்டியிருக்கும்.

இடம் தவறாகக் குறிக்கப்பட்ட, தலைகீழான, இடவலம் மாறிய படம் கண்ணில் பட்டால் காப்பகத்துக்கு எழுதுங்கள். எண், தவறு, சரியானது, அதற்கான சான்று என்று நான்கு வரி போதும். சான்றை விடாதீர்கள்: 'இது வடக்குப் படிக்கட்டு அல்ல' என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதையும் மாற்ற முடியாது. நாட்குறிப்பின் தேதியையும் ஒப்பிட்ட நெகட்டிவின் எண்ணையும் சேர்த்து அனுப்பினால் அவர்கள் நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.